பக்கத்து வீட்டுப் பொண்ணு

"ஆளு வருதுய்யா! எந்திரி!"

அம்மா போட்ட சத்தத்தில் உசிலம்பட்டி பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சரண்யாதேவிக்குக் காதுவரை சுட்டது. அம்மா பக்கத்தில் உட்காரப் போன பையன் பாதியில் நின்றான். வெளியே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் முழுக்க மழை... அவன் புருவத்தில் இரண்டு துளி. ஐயோ, என்ன கண்ணு அது!

"ஆளு எங்கங்க?" என்று அவளிடம் கேட்டான்.

"வரும்... வரலாம்..."

யாரும் வரப்போவதில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிகிற ஆள் அது. மனநல டாக்டர் இன்றைக்குத்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். அப்பா திருப்பூரில். முழுங்கினாளா என்று அம்மாவின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது, காலேஜ் படிக்கிற சரண்யாதான். தோழிகளிடம் மூச்சுவிட்டதில்லை. தெரிந்தால், உனக்கும் வரும் என்பார்களோ... வருமோ?

அவன் அம்மாவிடம் குனிந்தான். "அத்தை, அவுக வர்ற வரைக்கும் உக்காந்துக்கிறேன். வந்ததும் எந்திரிச்சிருவேன்."

அம்மா யோசித்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள்! இதுவரை யாரும் அம்மாவிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"யாருக்கு யாரு அத்தை?" சரண்யா முறைத்தாள்.

"இம்புட்டுக் கூட்டத்துல எடம் குடுத்தா அத்தைதான்! என் பேரு சிவபாண்டி, செக்கானூரணி. நீங்க அவுக பொண்ணா?"

அந்தக் கண்களுக்கு முன்னால் நாக்கு புரண்டுவிட்டது.

"இல்ல... பக்கத்து வீடு."

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். மாதக்கணக்கில் காணாத தெளிவு அந்தப் பார்வையில்.

"ஆமா தம்பி. பக்கத்து வீட்டுப் பொண்ணு. பாவம், எனக்குத் தொணையா அலையுது. நல்ல புள்ள."

சொல்லிவிட்டு மறுபடி மழையோடு பேசத் தொடங்கினாள்.

சரண்யாவுக்குக் குழம்பியது. என்னை மறந்துவிட்டாளா... இல்லை, என் மானத்தைக் காப்பாற்றினாளா? எதுவானாலும் தாங்காது போலிருந்தது.

செக்கானூரணி வந்தது. சிவபாண்டி எழுந்தான். "வெள்ளிக்கெழம டவுனுக்கு வாரேன்... ஒரு டீ குடிக்கலாமா?"

அவள் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் வாடி அவன் படிக்கட்டுக்குப் போனான்.

"நில்லுங்க!" பஸ் முழுக்கக் கேட்டது அவள் குரல். "பொய் சொல்லிட்டேன். அவங்க எங்கம்மா. மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம். சரியாகுமான்னு தெரியல. பயமா இருக்கு... ஒங்களப் பாக்கணும்னும் இருக்கு. ஆனா தனியா வரமாட்டேன். வந்தா எங்கம்மாவோடதான் வருவேன்."

"எறங்குறியா, இல்லையா மாப்ள?" என்றார் கண்டக்டர்.

மழையில் குதித்தவன் ஜன்னலோரம் ஓடி வந்தான். "ரெண்டு பேரும் வாங்க!"

பஸ் நகர்ந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாருடி அந்தப் பய?"

"தெரியலம்மா..." சரண்யா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஆனா புடிச்சிருக்கு."