ஒரு தட்டு, இரண்டு தட்டு

மூடுபனி அன்று மழைக்கு முன்பே இறங்கிவிட்டது. மலைமேல் திரிங்காப் மேட்டில் முட்டைக்கோஸ் போட்டிருக்கும் காளியண்ணன், தன் பழைய ஜீப்பைக் குணாளனின் பட்டறைக்குள் தட்டுத்தடுமாறிக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறதாம். சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்க வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க நடந்துபோனார்.

குணாளன் பெடலை மிதித்தான். தரைவரை போனது. நாலைந்து முறை விட்டு விட்டு மிதித்ததும் கொஞ்சம் இறுகியது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பின்சக்கரத்து ரப்பர் குழாய் கசிந்திருந்தது, மாற்றினான். இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூட வேண்டும். நடுவில் கால் எழுந்தால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

மிதிப்பது எப்போதும் அவன் மனைவி பூவிழியின் வேலை. அவளுக்குக் காது மந்தம். அதனால் ஸ்பேனரால் வண்டியின் அடியில் தட்டுவான். ஒரு தட்டுக்கு மிதித்துப் பிடிப்பாள், இரண்டு தட்டுக்கு விடுவாள். இரண்டு தட்டு விழாமல் காலை எடுக்கவே மாட்டாள், அப்படியொரு பிடிவாதக்காரி. போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. பேட்டரி கழற்றிய அவள் கார் மூலையில் கித்தானுக்குள் கிடந்தது. சுற்றியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளும் காலி. கூப்பிட ஆள் இல்லை.

பெடலுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தான், வழுக்கியது. ஏறி இறங்கியே இடுப்பு விட்டுப்போனது. மறுபடி அடியில் போய்ப் படுத்தவன், அலுப்பில் எல்லாம் மறந்து பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டினான்.

பின்விளக்கு சிவப்பாக எரிந்தது.

பெடல் மிதிபட்டால்தான் அது எரியும்.

கட்டைதான் சரிந்து பெடலை அமுக்கியிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு திருகைத் திறந்தான். எண்ணெய் குமிழ் குமிழாக வந்தது. மூடினான். இரண்டு தட்டினான்.

விளக்கு அணைந்தது.

ஒன்று தட்டினான்.

எரிந்தது.

மேலே சீட்டின் கம்பிச்சுருள் கிரீச்சிட்டது. எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே தைல வாசனை வந்தது. குளிர் தாங்காமல் அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

"பூவிழி?" என்றான், தொண்டைக்குள்ளேயே.

அவளுக்கு அது எங்கே கேட்கப்போகிறது.

குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வந்தது. திருகை இறுக்கினான். வேலை முடிந்தது. இனி இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் போய்விடுவாள். ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி ஈரத் தரையிலேயே கிடந்தான். பயம் விட்டுப் போயிருந்தது. ஒரு வருஷத்தில் அன்றுதான் அவன் தனியாக இல்லை.

காளியண்ணன் வந்ததும் அவன் வெளியே ஊர்ந்து எழுந்தான். அவர் ஏறி இன்ஜினை முடுக்கினார். ஜீப் அசையவில்லை.

"பெடல் தானா அமுங்கியே கெடக்கு குணா. சீட்டு வேற ஐஸ் மாதிரி இருக்கு. ஆளுங்க அங்க மழையில நிக்கிறாங்க."

"இருங்கண்ணே," என்றான் குணாளன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து இரண்டு தட்டு தட்டினான்.

ஜீப் நகர்ந்தது. முதல் வளைவில் பிரேக் சுத்தமாகப் பிடித்தது, பின்விளக்கு பனிக்குள் சிவப்பாக ஒருமுறை மினுங்கி மறைந்தது. தைல வாசனையும் கரைந்துபோனது.

இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் அவன் மட்டும் இருந்தான். வெகுநேரம் நின்றுவிட்டு மூலைக்குப் போனான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் காரின் அடியில் ஒரு தட்டு தட்டினான்.

கித்தானுக்குள் சிவப்பாக வெளிச்சம் எழுந்தது.

இரண்டு தட்டு தட்ட அவனுக்கு மனம் வரவில்லை. விடிந்த பிறகும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.