தொட்டிக்குள் போன கத்தல்

போன டிசம்பரில் ஷூர் தன் வீட்டில் பீர் காய்ச்சும் தொட்டிக்குள் கத்திய கத்தலில் எதிர்மலைப் பனி மொத்தமாகச் சரிந்தது, பெர்கன் நகரத்துக்குப் போகிற ரயில் தானாக நின்றது, ஓட்டுநர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதை ஊரே நம்பியது. அவன் மனைவி குன்வோர் மட்டும் நம்பவில்லை.

அந்தக் கத்தலோடு அவன் குரல் போய்விட்டது என்பதையும் அவள் நம்பவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் வாயால் கதை அளந்தவன் இப்போது சிலேட்டில் எழுதி அளக்கிறான், அவ்வளவுதான். 'என் குரல் தொட்டிக்குள்ள கெடக்கு.'

"ஊமை வேஷத்துலயே ஒரு வருஷத்த ஓட்டிட்டியே, மனுசா!"

இந்த வருஷப் பீருக்காகக் காலையிலிருந்து ஜூனிபர் கிளைகள் கொதித்த ஆவி பின்கட்டு முழுவதும் படிந்து, ஜன்னல் கண்ணாடியில் வழிந்து, முளைதானியத்தின் இனிப்பு வாசனையோடு அவள் தலைமுடிக்குள்ளும் ஏறியிருந்தது. தொட்டியில் ஊற்றிய தானியச் சாறு உடம்புச் சூட்டுக்கு ஆறியதும், அதை நொதிக்கவைக்க, காய்ந்த ஈஸ்ட் ஒட்டிய மர வளையத்தை ஷூர் உள்ளே போட்டான். ஊர் வழக்கப்படி அந்த நொடியில் வீட்டு ஆள் ஒருவர் தொட்டிக்குள் கத்தியாக வேண்டும். கத்தாவிட்டால் வேண்டாதது ஏதாவது தொட்டியில் குடியேறிவிடும்.

சிலேட்டை நீட்டினான். 'நீ கத்து.'

"அறுபத்தெட்டு வயசுல தொட்டியப் பாத்து ஊளையிடச் சொல்றியா? ஆளப் பாரு. போய் விறகப் பொள!"

அவன் தொட்டியை மூடிவிட்டுப் போனான். ஜன்னலுக்கு வெளியே கோடரிச் சத்தம். டொக். டொக்.

அரை நாள் கழித்து எழும்ப வேண்டிய நுரை, அதற்குள் மூடியைத் தூக்கிப் பிதுங்கியது. யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் உள்ளே ஒரு சீறல்.

டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்திருக்கிறானோ? தொட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். சில்லென்ற கல்தரைதான்.

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம்.

இரண்டு தடவை. புளுகு சொல்லத் தொடங்குமுன் ஷூர் செருமுவானே, அதே செருமல்.

ஜன்னலைப் பார்த்தாள். ஷூர் அங்கேதான் நின்றான். கையில் கோடரி. வாய் மூடியிருந்தது.

மூடியைத் திறந்தாள்.

உள்ளிருந்து கத்தியது. அவன் குரல். ஒரு வருஷமாகக் கேட்காத குரல். ஜன்னல் அதிர்ந்தது. குனிந்த நிலையிலேயே அவளும் அலறினாள். நேராக நுரைக்குள்.

நுரை மூடிக்கொண்டது.

கோடரியைப் போட்டுவிட்டு ஷூர் ஓடிவந்தான். சிலேட்டில் எழுதிக் காட்டினான். 'கேட்டியா?'

இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். காற்று. வெறும் காற்று.

தொட்டியில் நுரை விலகி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாய்கள் திறந்தன. ஒன்று செருமியது. மற்றது, அவனைத் திட்டும் அவளுடைய அதே குரலில் பேசியது.

"கேட்டேன், மனுசா. நீ சொன்னதெல்லாம் நெசந்தான்."