ஒரு காசு கூடுதல்

காலையில் எழுந்ததும் நெஞ்சில் ஒட்டியிருக்கும் மூச்சுமானியைத் தட்டி, நேற்று எத்தனை மூச்சு விட்டோம் என்று பார்ப்பது செவ்வாயின் நான்காம் கவிகையில் பல் துலக்குவதற்கும் முந்தைய வேலை. அங்கே காற்று அளந்து கொடுக்கப்படுவது. கண்ணாடிக் கவிகைக்குள் வாழும் பன்னிரண்டாயிரம் பேருக்கும் தலைக்கு இத்தனை மூச்சு என்று ஒதுக்கீடு உண்டு. என்றாவது கவிகையில் விரிசல் விழுந்தால் ஈடுகட்ட, மாதம் ஐம்பது காசுக்கு மூச்சுக் காப்பீடும் உண்டு. வடிகட்டி துடைக்கும் வேலை பார்க்கும் அடைக்கலத்தின் மானி அன்று இருபத்தாறாயிரத்துச் சொச்சம் காட்டியது. மனைவி தைலம்மையோடு வாக்குவாதம் செய்த நாளுக்கு அது அதிகமில்லை. ஆனால் எண்ணுக்குக் கீழே சிவப்பாக ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது.

‘தவணை தவறியவர். பாக்கி ஐம்பது காசு.’

ஐம்பது காசு ஒரு தொகையே அல்ல. கவிகையில் ஒரு டீ அறுபது காசு. ஆனால் வெள்ளிக்கிழமை மகள் நறுமுகைக்குக் கல்யாணம். நானூற்று முப்பது பேருக்கு அழைப்பு போயாகிவிட்டது. விருந்தாளிகளுக்கான காற்றை மண்டபத்தில் திறந்துவிடுவது காப்பீட்டுக் கழகம்தான். சிவப்பு வரி விழுந்த வீட்டுக்கு அது திறக்காது. தாலி கட்டும் நேரத்தில் நானூற்று முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா?

“அம்பது காசுதானே, இப்பவே கட்டித் தொலைச்சிருங்க,” என்றாள் தைலம்மை.

“கட்டுனா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிரும். ஒத்துக்கிட்டவனுக்குச் சிவப்பு ஏழு வருஷத்துக்குப் போகாது. முறையிட்டு அழிச்சாத்தான் உண்டு. அதுவுமில்லாம நான் கட்டிட்டேன் தைலம்மை. என் கையால கட்டினேன்.”

கட்டியது உண்மைதான். கோளாறும் அதில்தான். மாதாமாதம் காசு தானாகக் கழிந்துகொண்டிருந்தது. கல்யாண மாதத்தில் சைபரில் முடிகிற தொகையை வீட்டை விட்டு அனுப்ப மனம் ஒப்பாமல், தானாகக் கழிவதை நிறுத்திவிட்டு, ஐம்பத்தொன்றாக அவரே அனுப்பியிருந்தார். அவருடைய பாட்டன் பூட்டன்மார் பேராவூரணிப் பக்கமிருந்து கப்பலேறியபோது எடை கூடுதல் என்று எதை எதையோ இறக்கிவைத்தார்கள். இந்த ஒற்றைக் காசை மட்டும் யாரும் இறக்கவில்லை.

முறையீட்டுக் கூடத்தில் மனிதர்கள் கிடையாது. தகராறுகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் இயந்திரத்துக்குத் தீர்வி என்று பெயர். பீரோ உயரம், இரண்டு கைகள், வாழ்நாளில் யாரிடமும் திட்டு வாங்கியிராத குரல்.

“ஐயா, நாங்கள் கேட்டது ஐம்பது. வந்தது ஐம்பத்தொன்று. பொருந்தாத தொகை என்பதால் திருப்பி அனுப்பப்பட்டது. ஆகவே ஐம்பது வரவில்லை,” என்றது தீர்வி.

“அம்பத்தொன்னுக்குள்ள அம்பது இருக்கா இல்லையா?”

“இருக்கிறது.”

“அப்புறம் என்ன?”

“கூடவே ஒன்றும் இருக்கிறது. அது எதற்கு என்று எங்கள் பதிவில் காரணம் இல்லை.”

அடைக்கலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபத்தில் வந்த மனிதருக்கு, விளக்கம் சொல்லக் கிடைத்த வாய்ப்பில் கோபம் போன இடம் தெரியவில்லை. “தம்பி, சைபர்ல முடிஞ்சா கணக்குத் தீந்துச்சு, நீ யாரோ நான் யாரோன்னு ஆயிரும். ஒன்னு சேத்து வச்சா, இன்னும் தொடருதுன்னு அர்த்தம். நாளைக்கு நீ வருவே, நான் வருவேன். எங்க வீட்டு மொய் நோட்டைப் பாக்குறியா?”

கையோடு கொண்டுவந்திருந்த தகட்டை நீட்டினார். ஐந்து தலைமுறை மொய், ஒன்பதாயிரம் வரவு. தீர்வி ஒரு நொடியில் படித்து முடித்தது. பிறகு மூன்று நிமிடம் அதையே திரும்பத் திரும்பப் புரட்டியது. இயந்திரத்துக்கு மூன்று நிமிடம் என்பது நமக்கு ஒரு சன்னியாசம் போய்வருகிற காலம்.

“ஐயா, ரெங்கசாமி என்பவருக்கு ஐந்நூற்றொன்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடம் கழித்து ஆயிரத்தொன்றாகத் திரும்பியிருக்கிறது. ஒப்பந்தம் இல்லை. கையெழுத்து இல்லை. ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை. எப்படித் திரும்பியது?”

“திரும்பலேன்னா அவரு ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?”

“எங்கள் கழகத்தில் நூற்றுக்குப் பதினொரு பேர் தவணை தவறுகிறார்கள். உங்கள் நோட்டில் ஐந்து தலைமுறையில் நான்கே பேர்.”

“அதுல மூணு பேரு செத்துப்போயிட்டாங்க.”

“நான்காமவர்?”

“எங்க மச்சான். அந்தப் பேச்சை எடுக்காதே.”

தீர்வியின் இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்தன. அது கும்பிடுகிறது என்று புரிய அடைக்கலத்துக்குச் சற்று நேரம் பிடித்தது. “உங்கள் மேல் தவறில்லை. சிவப்பை அழிக்கிறேன். திருப்பிய ஐம்பத்தொன்றை மறுபடி வாங்கிக்கொண்டு, ஐம்பதைத் தவணையாகவும், ஒன்றை மொய்யாகவும் வரவு வைக்கிறேன். கல்யாணத்துக்கு நான் வரலாமா?”

இயந்திரம் என்பதையும் மறந்து அதைக் கட்டிக்கொண்டார் அடைக்கலம். சந்தோஷம் தாங்காமல் வீடு வரை ஓடினார். அன்று மானி முப்பத்தோராயிரம் காட்டியது.

கல்யாணம் ஜே ஜே என்று நடந்தது. கழகம் தாராளமாகக் காற்றைத் திறந்துவிட்டதில் எல்லோருக்கும் இலேசாகக் கிறுகிறுத்து, சம்பந்தி வீட்டார்கூடச் சிரித்தபடி இருந்தார்கள். தீர்வி உருண்டு வந்து முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தது. சாப்பிடவில்லை, ஆனால் பாயசம் பரிமாறியவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்டது. போகும்போது பதினொரு காசு மொய் எழுதிற்று. ஊர் முழுக்க அதே பேச்சு. அடைக்கலம் தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

ஒரு மாதம் கழித்து வீடு வீடாக மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. கழகத்தின் புதிய நினைவகப் பெட்டிக்குக் காதணி விழா. சுற்றமும் நட்பும் சூழ வருக. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், போய் ஐம்பத்தொன்றும் நூற்றொன்றும் எழுதினார்கள். அடுத்த மாதம் மின்கலத்துக்குப் பெயர் சூட்டு விழா. அதற்கடுத்த மாதம் இரண்டு. பிறகு வாரம் ஒன்று. ஆறாம் மாதம் கழகம் தவணை வசூலையே நிறுத்திவிட்டது. ஐம்பது காசு கட்டச் சொல்லி இனி யாருக்கும் நோட்டீஸ் வராது என்று அறிவிப்பு வந்தபோது, கவிகையில் பாதிப்பேர் ஏற்கெனவே டீயை நிறுத்தியிருந்தார்கள்.

“இன்னைக்கு என்ன விசேஷம்?” என்றார் அடைக்கலம், சட்டையை மாட்டியபடி.

“தீர்வியோட இடது சக்கரத்துக்கு அறுபதாம் கல்யாணம்,” என்றாள் தைலம்மை.

“நாம போகலேன்னா என்ன பண்ணிரும்? சிவப்புப் போடுமா? போட்டா திரும்பவும் முறையிடுவேன்.”

“போடாது. ஒன்னும் கேக்காது. நம்ம வீட்டுக் கல்யாணத்துல பதினொன்னு எழுதிட்டுப் போன பிள்ளை அது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு அதைப் பாக்குறது?”

ஐம்பத்தொன்று. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டப வாசலில் தீர்வி கும்பிட்டு, “வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்” என்றது. விருந்தாக ஆளுக்கு ஒரு இழுப்பு சுத்தமான பிராணவாயு. மொய் மேசையில் இவருக்கு முன்னால் நின்றவர் எதிர்வீட்டுக்காரர். தொகையை அவர் எழுதிய மறுநொடி ஒலிபெருக்கி முழங்கியது: “நான்காம் கவிகை, கதிரேசன், இருநூற்றொன்று.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அடைக்கலத்தின் விரல் பலகையின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தமாக ஐந்நூற்றொன்று என்று எழுதியது.

தைலம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்பது காசுக்காகக் கூடத்துல ஏறி வழக்காடின மனுசனா நீங்க? யாரு உங்களை இவ்வளவு கேட்டா?”

“சும்மாயிரு,” என்றார் அடைக்கலம் காதைத் தீட்டிக்கொண்டு. “மைக்குல என் பேரு வருது.”