தங்க ஸ்டெதாஸ்கோப்

“இடது பக்கமா திரும்பிப் படும்மா, சீக்கிரம்!”

நர்ஸ் லின்சி ஒரு கையால் பூமிகாவின் தோளைத் திருப்பினாள். மறு கையால் டாப்ளரை அவள் நிறைவயிற்றில் அழுத்தினாள். உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு கருவியில் கேட்டது.

குதிரை ஓட்டமாக ஓடவேண்டிய துடிப்பு, தள்ளாடி நடந்துகொண்டிருந்தது.

நன்னிலத்துக்கு வெளியே, சம்பா வயல்களுக்கு நடுவில் சின்ன ஆஸ்பத்திரி. பகல்தான். ஆனாலும் மழை இருட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மாவின் கார், தண்ணீர் ஏறிய பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைக் காப்பாற்ற லின்சியை விட்டால் ஆளில்லை.

“கையில ஒரு குழாய், கழுத்துல ஒரு குழாயா? தாலி ஏறவேண்டிய இடத்தை இதுக்குக் குடுத்துட்டீங்களே சிஸ்டர்!”

பூமிகாவின் மாமியார் கமலாம்பாள். பயந்தால் வாய் நிற்காது அவளுக்கு.

லின்சியின் கழுத்துச் சங்கிலியில் சுண்டுவிரல் நகமளவு டாலர். ஸ்டெதாஸ்கோப் வடிவம், அசல் தங்கம். போன வாரம் அமிர்தலிங்கம் என்ற பெரியவர் கொடுத்தது. “எங்க மோகனப்பிரியா நெனைப்பா போட்டுக்கங்க சிஸ்டர்” என்றார். வேண்டாம் என்றவளை அழுதே சம்மதிக்க வைத்தார். தான் பிரசவம் பார்த்த பெண்களில் யாரோ ஒருத்தி என்று லின்சியும் விட்டுவிட்டாள்.

இப்போது அவள் குனிந்தாள். டாலர் ஊசலாடி, பூமிகாவின் வயிற்றைத் தொட்டது.

டாப்ளரில் இன்னொரு துடிப்பு.

வேகமாக. பசியோடு.

“ரெட்டையா சிஸ்டர்?” கமலாம்பாளின் குரல் இறங்கியது.

“இல்லம்மா. ஸ்கேன்ல ஒண்ணுதான்.”

டெட்டால் நெடியை மீறிச் சந்தனம் மணத்தது. கூடவே, கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம். பூமிகாவின் வளைகாப்பு வளையல்களைக் காலையிலேயே கழற்றியாயிற்று. வேறு யார் கையிலும் கண்ணாடி வளையல் இல்லை.

சத்தம் மெல்ல நகர்ந்து வந்தது.

லின்சியின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

“சிஸ்டர்... உங்க பின்னாடி யாரு?” பூமிகா முனகினாள்.

லின்சி திரும்பவில்லை. நிமிர்ந்தாள். டாலர் விலகியதும் இரண்டாவது துடிப்பு நின்றது. குனிந்தாள். மறுபடி ஆரம்பித்தது. அது ஏற ஏற, குழந்தையின் துடிப்பு மங்கியது.

சங்கிலியின் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். கொக்கிமேல் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

சில்லென்று.

“மாதாவே!”

ஒரே இழுப்பு. சங்கிலி அறுந்தது. கழுத்தில் ரத்தக் கோடு. அதை ஜன்னலுக்கு வெளியே ஓடிய வாய்க்காலில் வீசியெறிந்தாள்.

டாப்ளரில் ஒற்றைத் துடிப்பு. குதிரை ஓட்டம்.

“முக்கும்மா! இன்னும் கொஞ்சம்! அவ்வளவுதான்!”

பெண் குழந்தை. அறை அதிர வீறிட்டது. கமலாம்பாள் லின்சியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டரம்மா நனைந்தபடி வந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றார்.

லின்சி வராந்தாவுக்கு வந்து அமிர்தலிங்கத்துக்குப் போன் போட்டாள்.

“மோகனப்பிரியா யாருங்க? நான் பிரசவம் பார்த்த பொண்ணா?”

“என் மகம்மா. அவளுக்காக ஊர் முக்குல சுமைதாங்கிக் கல் நட்டோம். போறவங்க தலைச்சுமையை அதுல இறக்கி வச்சா, அவ சுமையும் இறங்கும்பாங்க. ரோட்டை அகலப்படுத்துறோம்னு கல்லைப் பேத்துட்டாங்க. அன்னிலேருந்து வாசல்ல வந்து நிக்கிறா. ‘இறக்கி வைக்க எடமில்லப்பா’ன்னு அழுவுறா. பிள்ளைங்களைத் தாங்குற கை உங்க கை... அதான் அவ நகையை உருக்கி...”

“அதை வாய்க்கால்ல வீசிட்டேன்!”

“நகைதானே போச்சு.” அவர் விம்மினார். “சிஸ்டர்... அடிவயித்துல கனமா இருக்குங்களா?”

லின்சியின் கை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

உள்ளே ஏதோ புரண்டது.

“மன்னிச்சிருங்க. உங்ககிட்ட மறைச்சுட்டேன். எங்க மோகனா நிறைமாசத்துல செத்தவ. அந்தப் பிள்ளை இன்னும் பொறக்கல.”