யாரும் போகாத வடக்கு மூலை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி ஆனால் போதும், அந்தப் பழைய வாடகை வீட்டு வாசலில் மூன்று ஜோடி செருப்பு வந்து விழும். ஒன்று பல் டாக்டருடையது. இன்னொன்று பஸ் டிரைவருடையது. மூன்றாவது அங்கே குடியிருந்தவளின் தம்பியுடையது. அவன் படியேறும்போதே "பசிக்குதுக்கா" என்று ஆரம்பித்துவிடுவான். கழுதை வயசான இந்த ஆட்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டில் வாளும் கையுமாக அலைவார்கள். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள், பகடையை உருட்டுவார்கள். அதனால் அங்கே என்ன ஆனது என்று சொல்வது அவள் வேலை. ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான்.

அவளுக்கு இருந்த தலைவலி ஒன்றே ஒன்று. அந்த நாட்டில் யாரும் எந்தத் திசையிலும் போகலாம். கடலுக்கு என்று கிளம்பி, பாதி வழியில் காட்டுக்குள் நுழைவார்கள். வேலைக்கும் போய், ஏழு வயது மகள் வாண்டுவையும் ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டு, எத்தனை ஊருக்குத்தான் கதை எழுதுவாள் மனுஷி? அதனால் பழைய புத்தகக் கடையில், இந்த மாதிரி ஆட்டத்துக்கென்றே எழுதிய ரெடிமேட் கதைப் புத்தகங்களை அள்ளிவந்து, வரைபடத்தில் ஊருக்கு ஒன்றாக ஒதுக்கினாள். யாரும் எட்டிப்பார்க்காத ஊரிலும் வாராவாரம் என்ன நடக்கும் என்று அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். "நீங்க போகலன்னா அந்த ஊர் தூங்கிட்டா இருக்கும்?" என்பாள், பெருமையாக.

அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகத்தை மட்டும் எப்போது வாங்கினாள் என்று ஞாபகமில்லை. அதை வடக்கு மூலை ஊருக்கு வைத்தாள். முதல் பக்கத்தில் ஒரு காலியிடம்: 'விளையாடுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த குழந்தையின் பெயரை இங்கே எழுதவும்.' இந்த மாதிரி இடங்களில் தெரிந்தவர்கள் பெயரைப் போடுவது அவள் வழக்கம். இல்லாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் மறந்து தொலைக்கும். மூன்று பேருக்கும் வாண்டு என்றால் உயிர். அந்தப் பெயரையே எழுதினாள்.

பிறகுதான் உள்ளே படித்து, அட்டவணையை நிரப்பினாள்.

முதல் வாரம், குழந்தை படிக்கட்டுக்குக் கீழே ஒருவரோடு பேசுவாள். இரண்டாவது வாரம், தன் சாப்பாட்டில் பாதியை அவருக்கு வைப்பாள். மூன்றாவது வாரம், படங்களில் அவள் இருக்கமாட்டாள். நான்காவது வாரம், அவரோடு போய்விடுவாள். யாருக்கும் அவள் ஞாபகம் இருக்காது.

கீழே பொடி எழுத்தில்: விளையாடுகிறவர்கள் தாங்களாக இந்த ஊருக்கு வந்தால்தான் தடுக்கலாம். நடத்துகிறவர் சொல்லி வந்தால் செல்லாது.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கான்" என்று சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது, வாண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக் கதவில் வாயை வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில் நேரம். கதவிடுக்கிலிருந்து, வருஷக்கணக்காக மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தது மாதிரி ஒரு வாடை.

"யாருகிட்டடி பேசறே?"

"பேர் சொல்லக்கூடாதாம்மா."

உள்ளே உடைந்த நாற்காலியும் பெயிண்ட் டப்பாவும்தான் இருந்தன.

அடுத்த வாரம் அதே கதவுக்கு முன்னால் ஒரு தட்டு. பாதிச் சாப்பாடு.

ஓடிப்போய்ப் புத்தகத்தில் வாண்டுவின் பெயரை அடித்தாள். தாள் கிழிய அடித்தாள். காலையில் பார்த்தால், அடித்த இடத்துக்குக் கீழே அதே பெயர், கோணல்மாணலாக.

வாண்டுவின் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைப் பிரித்து வைத்தாள். "வடக்குப் பக்கம் நல்ல ஊர் ஒண்ணு இருக்குன்னு பேசிக்கறாங்க" என்றாள், எதேச்சையாகச் சொல்வதுபோல.

"ஆஹா, மாட்டைப் பத்தற மாதிரி பத்தாதீங்க மேடம்" என்றார் டாக்டர்.

"நமக்குக் கடல்தான்" என்றார் டிரைவர். தம்பி பகடையை உருட்டினான். மூன்று பேரும் கப்பலேறிப் போனார்கள். வேறென்ன சொல்ல முடியும் அவளால்?

புதன்கிழமை செல்போனைத் திறந்தாள். பள்ளிக்கூட விழாப் படத்தில், வாண்டு நின்ற இடத்தில் வெறும் சுவர். அவளைத் தன் மடியில் வைத்து எடுத்த படத்தில் வெறும் மடி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊரில் லாட்ஜ் அறை எடுத்தாள். அங்கே அலமாரியைத் திறந்தால் அதே கிணற்று வாடை. எங்கே ஓடுவது? மறுநாளே திரும்பிவிட்டாள்.

நான்காவது ஞாயிறு. வாண்டு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தெற்கே போவோமா?" என்றார் டிரைவர்.

அவளால் அதற்குமேல் முடியவில்லை. உடைந்து அழுதாள். "வடக்கே போங்கடா! உங்க கால்ல விழறேன், என் பிள்ளையைக் காப்பாத்துங்க!"

டாக்டர் மெதுவாக, "சரி, சரி. வடக்கேயே போறோம், அழாதீங்க" என்றார். தம்பி வாண்டுவைக் கீழே இறக்கிவிட்டு, பகடையை உருட்டினான்.

அது மேஜையில் உருண்டது. நின்றது.

எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"வந்துட்டோம்க்கா" என்றான் தம்பி. "ஊர்ல என்ன தெரியுது?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லவந்தது நுனிநாக்கில் நின்றது. வரவில்லை.

"எதுக்குக்கா அழுதே?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. "தெரியலடா. கண்ணுல தூசி விழுந்திருக்கும்."

அதற்குப் பிறகு ஆட்டம் ஜோராகப் போனது. எல்லோரும் கிளம்பியதும் கொடியிலிருந்து துணிகளை எடுத்தாள். நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கவுன். மேல்வீட்டிலிருந்து விழுந்திருக்கும் என்று மடித்து, சுவர்மேல் வைத்தாள்.

மாடிப்படியைக் கடந்தபோது, சாமான் அறைக் கதவை உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை தட்டியது.

"அம்மா! கதவைத் தொறம்மா! அம்மா!"

கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பக்கத்து வீட்டுச் சத்தம் போலிருந்தது.

"பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள். "இந்தக் கத்து கத்துது. அவங்க அம்மா எங்கதான் போய்த் தொலைஞ்சாளோ."