தடித்த கம்பிக்கு ஒரு கட்டர்

"பாத்தியா, ஒரே வெட்டு!" என்றான் ஸ்தோயன், குறடும் கையுமாக.

கலினா பார்த்தாள். அண்ணன் கையிலிருந்த புத்தம்புதுக் கம்பியின் நுனி, பழைய ஸ்வெட்டரின் கைப்பகுதி போலப் பிரிந்துகொண்டே வந்தது.

"அண்ணா, பிரியுது! பிடி, பிடி!"

ஸ்தோயன் அவசரமாகப் பிடித்தான். பயனில்லை. அப்படியே அவளுடைய பேஸ் கிட்டாரில் மாட்டிப் பார்த்தார்கள். 'தூம்' என்று முழங்க வேண்டிய கம்பி, தகர டப்பாவைத் தட்டியது போல 'டொப்' என்றது.

ஸ்தோயனின் முகம் சுருங்கிவிட்டது. பதினைந்து வயதாகிவிட்டால் உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் அவன். "நான் தொட்டாலே எல்லாம் நாசம்தான். சாயங்காலம் நான் வரல, போ" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மே இருபத்துநான்கு, தங்கள் மொழியின் எழுத்துகளை நாடே கொண்டாடும் எழுத்துத் திருநாள். பள்ளி வாசலில் காலையிலேயே பூமாலை கட்டியாகிவிட்டது. மாலையில் முற்றத்தில் கலினாவின் இசைக்குழு வாசிக்கப்போகிறது. அவள் மேடையேறுவது இதுதான் முதல் தடவை.

ஸ்தோயன் வீணாக்கியது இரண்டாம் கம்பி; அதற்குப் பதில் கழற்றிவைத்த பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ஆனால் இருப்பதிலேயே தடித்த கம்பி ஒத்திகையின்போது அறுந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக வாங்கிய புதுக் கம்பி ஒன்றே ஒன்றுதான். பாட்டு தொடங்குவதே அந்தக் கம்பியில்தான். இதுவும் கெட்டால், விடுமுறை நாளில் இசைக்கருவிக் கடைக்கு எங்கே போவது?

வெட்டாமல் மாட்டவும் வழியில்லை. அவ்வளவு நீளத்தையும் சுற்றுவதற்கு, கம்பியை இறுக்கும் திருகியில் இடம் கிடையாது.

கலினா புதுக் கம்பியைத் தொடவில்லை. அறுந்துபோன பழைய தடித்த கம்பியைத் தேடி எடுத்தாள். கெடுவதாக இருந்தால் இது கெடட்டும்!

முதலில் நகவெட்டி. அதன் வாய்க்குள் கம்பி நுழையவே இல்லை.

அடுத்து சமையலறைக் கத்தரி. அது கம்பியை மென்றுகொண்டிருந்தபோதே அம்மாவின் குரல் வந்தது.

"கலினா! அது கோழி வெட்டுற கத்தரி! மொக்கையாச்சுன்னா புதுசு யாரு வாங்குறது?"

"வெச்சிட்டேன்மா!"

கடைசியில் ஸ்தோயன் எடுத்த அதே குறடு. அது தாத்தா வாங்கியது. சிக்கனத்துக்குப் பேர்போன கப்ரோவோ ஊர்க்காரர்கள் குறடு வாங்கினால் மூன்று தலைமுறைக்கு வாங்குவார்கள். பூனை நுழைந்ததும் கதவைச் சீக்கிரம் மூடினால் வீட்டுச் சூடு மிச்சமாகும் என்று பூனையின் வாலையே வெட்டியவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வது சும்மாவா? குறட்டின் விளிம்பு மழுங்கிப்போயிருந்தது. அது கம்பியை வெட்டவில்லை, நசுக்கியது.

நசுங்கிய நுனியைக் கலினா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். நசுங்கினால் மேல்சுற்று பிரியும். பிரிந்தால் சத்தம் செத்துவிடும்.

நசுக்காமல் வெட்ட வேண்டும். நாலு பக்கமும் அணைத்துப் பிடித்து வெட்ட வேண்டும். அப்படி எது வெட்டும்?

யோசித்தபடியே படியிறங்கினாள். கீழே ருமெனின் சைக்கிள் நின்றது. அதன் பிரேக் கம்பியைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அதுவும் பல இழைகளை முறுக்கிச் செய்த கம்பிதான். ஆனால் நுனியில் ஓர் இழைகூடப் பிரியவில்லை!

ருமென் அவள் வகுப்புத் தோழன், அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"பிரேக் கம்பிய எதால வெட்டுன?"

"கேபிள் கட்டர். ஏன்?"

"குடேன், இப்பவே திருப்பித் தர்றேன்."

"அஸ்கு! போன தடவை எங்க மாமா அதுல ஆணி வெட்டப் பாத்தாரு. யாருக்கும் தர்றதா இல்ல."

"சரி, தராத. நீயே வெட்டிப் பாரு. இது பழைய கம்பி. கட்டருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் கேக்க மாட்டேன்."

ருமென் உள்ளே போய் எடுத்துவந்தான். கட்டரின் வாய் கிளிமூக்குப் போல வளைந்திருந்தது. கம்பியை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டு 'டக்' என்றது. அவன் வாயைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். கீறல் இல்லை. கலினா நுனியைப் பார்த்தாள். உருண்டையாக, சுத்தமாக இருந்தது.

"ஹையா, இதுதான்!" என்று குதித்தாள்.

ஆனால் நகத்தால் நெருடியதும் மேல்சுற்று லேசாக நகர்ந்தது. கட்டர் நல்லதுதான். பிறகு ஏன் நகர்கிறது?

பழைய கம்பியின் மறு நுனியைப் பார்த்தாள். திருகிக்குள் இருந்த அந்த நுனி 'ட' எழுத்தைப் போல மடங்கியிருந்தது. அங்கே நெருடினால் எதுவும் நகரவில்லை.

"முதல்ல மடக்கியிருக்காங்க, அப்புறம்தான் வெட்டியிருக்காங்க. மடிப்பு சுத்தை இறுக்கிப் பிடிச்சுக்குது!" என்றாள்.

மடக்கி வெட்டிப் பார்த்தார்கள். சுற்று அசையவில்லை.

"வெட்டுன மிச்சத் துண்டெல்லாம் எனக்குத்தான்" என்றான் ருமென்.

"உனக்கு எதுக்கு?"

"தெரியல. எதுக்காச்சும் ஆகும்."

இருவரும் மேலே வந்தார்கள். கலினா புதுக் கம்பியைக் கிட்டாரில் கோத்து, அதன் திருகியைத் தாண்டி இன்னும் இரண்டு திருகி தூரம் அளந்து, அங்கே மடக்கினாள். மடிப்பு நழுவாமல் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. வெட்ட இன்னொருவர் வேண்டும்.

ருமென் கட்டரைத் தூக்கினான். கலினா மாடிப்படியைப் பார்த்தாள். ஸ்தோயன் அங்கேயே, முழங்காலில் முகம் வைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணா, நீ வா. நீ வெட்டு."

"நானா?"

"இவனா? என் கட்டரா?" என்று அலறினான் ருமென்.

"பழைய கம்பியில பழகிட்டு வெட்டட்டும். உனக்கும் துண்டு கூடும்ல?"

ருமென் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டரை நீட்டினான்.

ஸ்தோயன் பழைய கம்பியை மடக்கி வெட்டினான். மறுபடி வெட்டினான். பிறகு புதுக் கம்பியின் அருகே வந்து நின்றான். கட்டரை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். கலினாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை விலக்கவில்லை.

"இரு, இன்னொரு தடவை அளந்துக்கோ" என்றான் ஸ்தோயன். காலையில் அவன் சொல்லாத வார்த்தை அது.

அளந்தாள். சரியாக இருந்தது.

'டக்.'

கலினா நுனியைத் திருகியின் துளையில் செருகி மெல்லத் திருகினாள். கம்பி இறுகியது. விரலால் மீட்டினாள். மூவரும் கிட்டாரின் மரத்தில் காதை வைத்தார்கள்.

தூம்...

"கன்னம் கூசுது!" என்றான் ருமென்.

மாலையில் பள்ளி முற்றம் நிரம்பி வழிந்தது. கலினா தடித்த கம்பியை மீட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்களின் நெஞ்சுவரை அந்த முழக்கம் போய்ச் சேர்ந்தது. டிரம் அதனோடு சேர்ந்துகொண்டது.

முன்வரிசையில்தான் ஸ்தோயன் நின்றான். இடப்பக்கம் நின்ற அம்மாவிடம் எதையோ சொன்னான். வலப்பக்கம் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் அதையே சொன்னான். பிறகு பின்னால் திரும்பி ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த ஒரு குட்டிப்பயலிடமும் சொன்னான்.

மேடையில் கலினாவுக்கு அவன் குரல் கேட்கவில்லை. ஆனால் உதட்டசைவிலேயே புரிந்துவிட்டது.

"அந்தக் கம்பிய வெட்டுனது நான்தான்!"

கலினா சிரித்துக்கொண்டே அடுத்த முழக்கத்தை இன்னும் கொஞ்சம் ஓங்கி மீட்டினாள்.