தேட ஆளில்லாத பெயர்கள்

அலுவலகத்துக்கு வந்ததும் அருள்செல்வி முதலில் செய்வது ஒரே காரியம்தான். காணாமல் போனவர்களின் தேடல் பதிவேட்டைத் திறந்து தம்பி முத்தழகனின் பெயரைத் தட்டுவாள். பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயருக்கும் வருவதுபோல 'தேடப்படுகிறார்' என்று திரையில் வரும். அதைப் பார்த்தபிறகுதான் அவளுக்குத் தேநீரே தொண்டையில் இறங்கும். கடல் நாகப்பட்டினத்தை எடுத்துக்கொண்டபோது அவன் காணாமல் போனான்; மறுவருடம் இந்த வேலையில் சேர்ந்தாள். ஏழு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று தேநீருக்கும் நேரமில்லை. பெரம்பலூரில் இருந்த அரசின் பழைய சர்வர் கூடத்தைக் குளிரவைக்கத் தண்ணீர் இல்லையென்று நண்பகலோடு மூடுகிறார்கள். அதற்குள் பதிவேட்டை இயக்கும் பைத்தான் நிரலை மேகக்கூடத்துக்கு, அதாவது கிளவுடுக்கு, ஏற்றியாக வேண்டும். பெயர்தான் மேகம், இடம் கொடுப்பதில் மகா கஞ்சம்.

அவளுடைய கணினியில் சமர்த்தாக ஓடிய நிரல் அங்கே போனதும் முரண்டு பிடித்தது. முதலில் ஒரு நிரல் தொகுப்பைக் காணவில்லை என்றது. தேவைப் பட்டியலில் எழுத மறந்திருந்தாள், எழுதினாள். பிறகு இணைப்புக்கான போர்ட் எண் சரியில்லை என்றது, மாற்றினாள். மூன்றாம் முறை எழுந்து நின்றது, நான்கே நொடியில் செத்து விழுந்தது. நினைவகம் போதவில்லை, நிறுத்திவிட்டோம் என்று மேகக்கூடத்தின் பதிவில் ஒரே ஒரு வரி இருந்தது.

பக்கத்து இருக்கை இக்பால் வந்து பார்த்தார். தொடங்கும்போதே நான்கு லட்சம் பெயர்களையும் நிரல் வாரி எடுத்துக்கொள்கிறது, அதை மாற்றி எழுத இரண்டு நாளாவது ஆகும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி அந்தச் சட்டத்தை நினைவுபடுத்தினார்.

காணாமல் போனவரை யாராவது ஒருவர் தேடிக்கொண்டிருக்கும்வரை அவர் உயிரோடு இருப்பதாகவே சட்டம் கொள்ளும். ஐந்து ஆண்டுகள் ஒருவரும் தேடவில்லை என்றால் இறந்தவர், பெயரை நீக்கிவிடலாம். இடம் தாராளமாக இருந்த காலத்தில் அதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

"தேட ஆளில்லாத பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது, செல்வி? தேடுறவங்களுக்காவது பக்கம் திறக்கணும்ல" என்றார் இக்பால்.

அருள்செல்வி பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். குடும்பத்தோடு போனவர்களை யார் வந்து தேடுவார்கள்? ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு பெயருமே மிஞ்சாது. ஐந்து ஆண்டுத் தேடல் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தவர்களைப் பிரித்தாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். படித்துப் பார்க்க நேரமில்லை. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீக்கினாள்.

நிரல் ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. இக்பால் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கப் போனார்.

அப்போது அரியலூர் குடியிருப்பிலிருந்து அம்மா அழைத்தாள்.

"செல்வி, நம்ம முத்துவுக்கு இறப்புச் சான்று வந்திருக்கு."

ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அருள்செல்வி தேடிப் பார்த்தாள். அவன் இல்லை. எப்படி என்று முதலில் புரியவில்லை. பிறகு பழைய வரி ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், அவளுடைய சோதனைத் தேடல்கள் மக்களின் கணக்கில் கலந்துவிடக்கூடாது என்று, தன் கணினியிலிருந்து வருவதை எண்ணாதே என ஒரு வரி எழுதியிருந்தாள். முறையான வேலைதான், எந்தப் பொறியாளரும் செய்வது. ஏழு ஆண்டுக் காலைகளையும் அந்த வரி ஓசைப்படாமல் தள்ளிவிட்டிருந்தது. பெயரை நீக்கியதுமே தானாகப் போய்ச் சேர்ந்த சான்றைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடமில்லை.

"அஞ்சு வருஷமா இவர ஒருத்தரும் தேடலைன்னு போட்டிருக்கு" என்று அம்மா நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "நீ தெனமும் பாக்குறேன்னு சொன்னதாலதான் நான் பாக்கல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அருள்செல்வி பேச வாயெடுத்தாள். அந்த வரியை அம்மாவுக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. மகள் திணறுவது கேட்டிருக்க வேண்டும், அம்மாவே முந்திக்கொண்டாள்.

"ஒனக்கும் வேலை சாஸ்தியா இருந்திருக்கும், இல்லம்மா?"